நாங்கள் பார்க்கப் போனோம், ராத்தா பார்த்தார்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். எங்கள் வீட்டு விஷயம்தான். வீட்டு விஷயத்தை முகநூலில் எழுதலாமா என்று சகோதரர்கள் மூன்று பேரும் யோசித்தோம். ராத்தாவிடமும் கேட்டோம். "என்ட பேரைப் போடாம எழுதுங்க. மத்த வீடுகள்ல இருக்கிற புள்ளயளுக்காவது உதவட்டும்" என்றார். அதனால் எழுதுகிறோம்.

எங்கள் உம்மா பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்து பதினொரு வருடம். வலது பக்கம் முழுக்க இயங்காது. பேச்சு பாதிதான் வரும். ஆனால் புத்தி தெளிவு. யார் வந்தார், யார் வரவில்லை என்பது எல்லாம் தெரியும். இந்தப் பதினொரு வருடமும் உம்மாவோடு இருப்பவர் ராத்தா. நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் பக்கத்து ஊர்களில் இருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறும் போவோம். பழம் வாங்கிப் போவோம், மாதம் முடிந்தால் காசு கொடுப்போம். ஊரில் எங்களுக்கு நல்ல பெயர். "அந்த உம்மாட புள்ளயள் நல்லாப் பாக்குறாங்க" என்று பள்ளியில் வைத்தே சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

போன மாதம் ராத்தாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்குச் சத்திரசிகிச்சை. ஆறு நாள் வைத்தியசாலையில் இருந்தார். அந்த ஆறு நாளும் உம்மாவை நாங்கள்தான் பார்க்க வேண்டும். மூன்று ஆண்கள், மூன்று மருமக்கள். ஆறு பேருக்கு ஒரு ஆள் பெரிய வேலையா என்று நினைத்தோம்.

முதல் நாள் காலையிலேயே விளங்கிவிட்டது. எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தெரியாது. கஞ்சி எவ்வளவு தண்ணியாக இருந்தால் உம்மாவுக்குப் புரை ஏறும் என்று தெரியாது. ஊட்டிய பிறகு உடனே படுக்க வைக்கக்கூடாது, அரை மணித்தியாலமாவது சாய்ந்து இருக்க வேண்டும் என்று தெரியாது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும் மாற்ற வேண்டும் என்பது தெரியாது. பதினொரு வருடத்தில் உம்மாவின் முதுகில் ஒரு புண் கிடையாது. அது எப்படி என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இரவுக்கு எத்தனை தடவை எழும்பினால் அது நடக்கும் என்று கணக்கும் பார்த்ததில்லை. ஒரு பைக்கற் பம்பர்ஸ் என்ன விலை என்றுகூடத் தெரியாமல் கடைக்காரரிடம் கேட்டு நின்றோம். நாங்கள் கொடுக்கிற காசு போதாமல், வாப்பாவின் பழைய சாரங்களை வெட்டி மடித்து ராத்தா அடுக்கி வைத்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

இன்னொன்று. உடுப்பு மாற்ற ஆண்பிள்ளைகள் கிட்டப் போனால் உம்மா விடமாட்டார். இடது கையால் துணியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மருமக்கள் செய்யும்போது கண்ணை மூடிக்கொண்டார். வெட்கம் வயதோடோ வருத்தத்தோடோ போய்விடுவதில்லை. ராத்தா எப்படிச் செய்வார் என்று பிறகு கேட்டோம். முதலில் ஒரு துணியால் மூடிவிட்டு, கீழே கையை விட்டு, ஊர்க்கதை சொல்லிக்கொண்டே செய்வாராம். "கதை கேட்டா அவவுக்கு மறந்துரும்" என்றார்.

மூன்றாவது இரவு. இரண்டு தடவை விரிப்பு மாற்றியாகிவிட்டது. மூன்றாவது தடவையும் நனைந்தபோது எங்களில் ஒருவருடைய வாயிலிருந்து "சீ" என்று வந்துவிட்டது. யார் என்று எழுதப்போவதில்லை. மூன்று பேரில் யாருக்கும் வந்திருக்கக்கூடியதுதான். முதுமையடைந்த பெற்றோரிடம் அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லாதே என்று அல்லாஹ் தடுத்திருப்பதை ஓதி வளர்ந்தவர்கள் நாங்கள். அதைப் பிள்ளைகளுக்குப் படித்தும் கொடுக்கிறோம். மூன்றே நாளில் அது எங்கள் வாயில் வந்தது. உம்மா கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராத்தா வீட்டுக்கு வந்த பிறகு இதைச் சொன்னோம். "உங்களுக்கு ஒரு நாளும் அப்படி வரலியா" என்றும் கேட்டுவிட்டோம். அவர் மறைக்கவில்லை. "வந்திருக்கு. வந்த நாள்ல எல்லாம் கிணத்தடியில போய் அழுதிருக்கன். அழுதிட்டு வந்து அவட காலைப் பிடிச்சி மன்னிப்புக் கேட்டிருக்கன். ஆருக்குத் தெரியும்?" என்றார்.

"ஆருக்குத் தெரியும்?" அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

எங்கள் தமிழில் ஒரு விஷயம் இருக்கிறது. "உம்மாவைப் பார்க்கப் போனோம்" என்றும் சொல்கிறோம், "உம்மாவைப் பார்க்கிறா" என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். நாங்கள் பதினொரு வருடம் பார்க்கப் போனோம். ராத்தா பதினொரு வருடம் பார்த்தார். ஊர் இரண்டையும் ஒன்றாக எண்ணி எங்களுக்குப் பெயர் தந்தது. நோயாளியைப் பார்க்கப் போவது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமை, சந்தேகமில்லை. ஆனால் பார்த்துவிட்டு எழும்பி வருபவரும், நாங்கள் வந்த பிறகு விரிப்பை மாற்றுபவரும் ஒருவரல்ல.

ராத்தா ஏன் உம்மாவோடு தங்கினார்? "அவ கலியாணம் முடிக்கல்ல, அதால இருக்கிறா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது திருப்பிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவிலிருந்து போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ராத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்களில் கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயது. அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தவர் ராத்தா. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில். வாப்பா கூலி வேலைக்குப் போனார். உம்மா கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்குப் போனார். சின்னவர்களைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். ராத்தாவின் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போனோம். எங்களில் ஒருவர் உயர் தரம் முடித்து, கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் விடுதியில் தங்கி, ஒரு வருடம் கட்டுறுப் பயிற்சியும் முடித்து ஆசிரியரானோம். அந்தச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதற்கு யார் சோறு ஆக்கினார் என்று அதில் எழுதியில்லை.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பினோம். வாப்பா புத்தளத்திலேயே வபாத்தாகிவிட்டார். ஊரில் பாதிப் பேர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். காணியைக் காப்பாற்ற வயதானவர்கள் இங்கே, படிப்புக்காகப் பிள்ளைகள் அங்கே என்று எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. முன்பு ஒரு வளவுக்குள் மாமி, சாச்சி, உம்மம்மா என்று பத்துக் கை இருந்தது. இப்போது ஒரு வீட்டுக்கு ஒரு கைதான் மிச்சம்.

உம்மா விழுந்து இரண்டாம் வருடம் ராத்தாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மனைவி மௌத்தான ஒருவர், நல்ல மனிதர். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "உம்மா ஆரோட இருப்பா?" நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "எங்களோட" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. ராத்தா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகும் "அவ கலியாணம் முடிக்கல்ல" என்றே சொல்லிவந்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. இந்த வன்னி மண்ணில் எந்த ஒழுங்கையில் போனாலும் ஒரு வீட்டுக்குள் யாரோ யாரையோ பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

முள்ளியவளைப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ் அம்மா. 2009 இல் செல் துண்டு பட்டு மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அப்போது அவர் இளைஞர். இப்போது அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. அவரைத் தூக்கி வண்டிலில் இருத்த அவவுக்கு இப்போது பெலன் இல்லை. "எனக்குப் பிறகு ஆர் தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்தோம்.

செட்டிகுளம் பக்கம் சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட அந்த நோய் வவுனியாக் கிராமங்களையும் விடவில்லை. இரத்தச் சுத்திகரிப்புக்குக் கிழமைக்கு இரண்டு, மூன்று தடவை கூட்டிப் போக வேண்டும். ஒரு தடவைக்கு நாலு மணித்தியாலம் அளவில் எடுக்கும். போய்வர ஒரு நாள் போய்விடும். நாட்கூலிக்காரர் மனைவியைக் கூட்டிப் போனால் அன்றைய கூலி இல்லை. கிழமையில் மூன்று நாள் வராதவருக்கு மற்ற நாளும் வேலை கொடுக்க ஆளில்லை. வருத்தம் ஒருவருக்கு, வறுமை முழு வீட்டுக்கும்.

எங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை. ஒன்பதாம் ஆண்டு. கிழமையில் இரண்டு நாள் பிந்தித்தான் வருவாள். ஒரு தவணை முழுக்க அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தோம். வாய் திறக்கவே மாட்டாள். உம்மா குவைத்தில், வாப்பா விட்டுப் போனவர், உம்மம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் கால் விரல் எடுத்தாகிவிட்டது. மருந்து கட்டக் கூட்டிப் போகிற நாளில் பிள்ளை பிந்துகிறாள். இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பதினான்கு வயதுப் பராமரிப்பாளர். நாங்கள் அவளுக்குக் கொடுத்தது தண்டனை. அல்லாஹ் எங்களை மன்னிக்க வேண்டும். அவளிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் ஒன்று ஞாபகம் வருகிறது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் 2013 இலிருந்து "குடும்பப் பின்னணி அறிக்கை" கேட்டார்கள். பிள்ளைகள் எத்தனை, வயது என்ன, யார் பொறுப்பு என்று உத்தியோகத்தர் எழுதுவார். 2022 இல் அந்த விதிகளைத் தளர்த்தினார்கள். அந்த அறிக்கை சரியா பிழையா என்பது வேறு கதை. ஆனால் "பிள்ளைகளை உம்மம்மா பார்ப்பா" என்று எழுதிவிட்டால், அந்த உம்மம்மாவின் பின்னணியை யார் எழுதினார்கள்? அவவுக்கு என்ன வருத்தம், இரவில் கண் தெரியுமா, அவவை யார் பார்ப்பார்?

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லி இதை முடித்துவிடவும் முடியாது. சில விஷயங்கள் இருக்கின்றன, எங்களுக்குத்தான் தெரிவதில்லை. அஸ்வெசும தொடங்கிய 2023 இல் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் மாதம் 5,000 ரூபாய். 2024 இல் 7,500 ஆனது, 2025 இல் 10,000 ஆனது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போய்க் கேளுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். ஆனால் இந்தக் கொடுப்பனவு வருத்தக்காரருக்கு. தன் வேலையையும் வயதையும் விட்டுவிட்டு அவரைப் பார்ப்பவருக்கென்று ஒன்றும் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் பெற்றோரைக் கைவிடக்கூடாது என்று பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஒரு மகளுக்கு மட்டும் என்று அதில் இல்லை.

"இது பொம்பிளையளிட வேல" என்று எங்களில் பலர் நினைக்கிறோம். பத்ர் யுத்தத்தை எல்லோருக்கும் தெரியும். ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு, இஸ்லாத்தின் முதல் பெரிய போர். அதில் உஸ்மான் (ரழி) கலந்துகொள்ளவில்லை. ஏன்? அவருடைய மனைவி, நபி (ஸல்) அவர்களின் மகள் ருகையா (ரழி) கடும் நோயில் இருந்தார். அவரோடு இருந்து பார்த்துக்கொள்ளும்படி நபியவர்களே உஸ்மானை மதீனாவில் நிறுத்தினார்கள். ஒரு கணவன், ஒரு போராளி, நோயாளியின் தலைமாட்டில் நின்றார். வெற்றிச் செய்தி வந்தபோது ருகையா மௌத்தாகியிருந்தார். ஆனால் பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் உண்டு, பங்கும் உண்டு என்று நபியவர்கள் உஸ்மானுக்குச் சொன்னார்கள்.

இதை எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். "பங்கும் உண்டு" என்ற இடத்தில் ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. நோயாளியைப் பார்த்தவருக்கு நன்மை மறுமையில் கிடைக்கும், போய்த் துஆச் செய் என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. இந்த உலகத்தின் பங்கும் கையில் கொடுக்கப்பட்டது. நாங்களோ ராத்தாவுக்குப் பதினொரு வருடமாகச் சொர்க்கத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம். "உங்களுக்குச் சொர்க்கம் நிச்சயம் ராத்தா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

அதனால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். பேச்சு சுகமாகப் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். குரல் உயர்ந்தது. ஒருவர் எழும்பிப் போனார். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோதுதான் முடிவு வந்தது.

ஒன்று, வெள்ளி இரவும் சனி இரவும் உம்மாவோடு நாங்கள். முறை வைத்து. ராத்தா அந்த இரண்டு இரவும் முழுக்க நித்திரை கொள்வார். இரண்டு, மாதக் காசை "உம்மாட செலவுக்கு" என்று கொடுக்காமல், உம்மாவின் செலவு வேறு, ராத்தாவின் கைக்கு வேறு என்று கொடுப்பது. அதை அவர் என்ன செய்கிறார் என்று கேட்பதில்லை. மூன்று, வீடு.

வீடு அரச காணி, உம்மாவின் பெயரில் அனுமதிப்பத்திரம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பின்னுரித்தாளி பெயரிடாமல் ஒருவர் மௌத்தானால் பிள்ளைகளில் ஆணுக்குத்தான் முதலிடம் என்று இருந்தது. 2022 இல்தான் அதைத் திருத்தினார்கள். உம்மா இதுவரை யாரையும் பெயரிடவில்லை. உம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் ராத்தா என்னவாக இருப்பார்? எங்களில் யாருடைய வீட்டிலோ ஒரு மூலை அறையில் ஒரு பாய். அவ்வளவுதான். மௌலவி ஒருவரிடம் கேட்டோம். வாரிசுகளில் ஒருவருக்கு மட்டும் எழுதுவதென்றால் மற்ற வாரிசுகள் மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். நாங்கள் ஒப்புக்கொண்டோம். உம்மாவிடம் கேட்டோம். உம்மா இடது கையால் ராத்தாவைக் காட்டினார். இரண்டு தடவை காட்டினார். அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

தயவுசெய்து கீழே "மாஷா அல்லாஹ், நல்ல பிள்ளைகள்" என்று எழுதாதீர்கள். அந்தப் பெயரை வாங்கித்தான் பதினொரு வருடம் போனது. ஊரறிய எழுதினால் நாளைக்கு எங்களில் ஒருவர் மனம் மாறினாலும் வெட்கத்துக்காவது நிற்போம் என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

ஊருக்கும் சில வேண்டுகோள்கள்.

நோயாளியைப் பார்க்கப் போனால், பார்க்கிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "நீங்க சாப்பிட்டீங்களா, நித்திரை கொண்டீங்களா" என்று. முடிந்தால் "ரெண்டு மணித்தியாலம் நாங்க இருக்கம், நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லுங்கள். ராத்தா கடைசியாக ஒரு கலியாண வீட்டுக்குப் போய் ஆறு வருடம்.

பள்ளி நிர்வாகத்தினரிடம்: ஊரில் எத்தனை வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். சகாத் பங்கிடும்போது வருத்தக்காரரை மட்டும் பார்க்காமல், அவரைப் பார்ப்பதால் உழைக்க முடியாமல் போனவரையும் பாருங்கள்.

ஆசிரியர்களிடம்: பிந்தி வருகிற பிள்ளையிடம் "ஏன் பிந்தினாய்" என்று கேட்க முன் "வீட்டில யாரும் வருத்தமா" என்று கேளுங்கள்.

சகோதரர்களிடம்: உங்கள் வீட்டில் இருக்கிற ராத்தாவிடம், தங்கச்சியிடம், மனைவியிடம் இன்றைக்கே பேசுங்கள். அவர் வைத்தியசாலையில் படுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

நேற்று வெள்ளி. எங்கள் முறை. இரவு இரண்டு மணிக்கு உம்மாவைப் பக்கம் மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது கதவடியில் ராத்தா நின்றார். "ஏன் எழும்பினீங்க, படுங்க" என்றோம். "பழகிப் போச்சு. இந்த நேரத்துக்குக் கண் தானா முழிக்குது" என்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். உம்மாவின் தோளுக்குக் கீழே தலையணையை ஒரு அங்குலம் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

உம்மாவுக்கும், நோயில் இருக்கிற எல்லோருக்கும், அவர்களைக் கண்விழித்துப் பார்க்கிற எல்லோருக்கும் துஆச் செய்யுங்கள். பிறகு எழும்பிப் போய் ஒரு கை கொடுங்கள்.